துரைமார் தலை நனையாமல்

நம் ஆட்களின் சங்கங்களில் செயலாளர் பதவி யாருக்குப் போகும் என்பதற்குப் பழைய விதி ஒன்று உண்டு. கூட்டத்துக்கு வராதவனுக்குப் போகும். 1978இல் பாலத்தடித் தோட்டத்து முதியோர் இல்லக் குழு கூடிய நேரத்தில், லோரிக்காரன் சீனி கமுந்திங் தொழிற்பேட்டையில் பலகை ஏற்றிக்கொண்டிருந்தான். சாயங்காலம் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பி, கடையோரம் லோரியை நிறுத்தி, கோப்பிக்குச் சொல்வதற்குள் குழுத் தலைவர் இராமசாமி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள் செயலாளரே! ஏகமனதா தேர்ந்தெடுத்துட்டோம்."

"யாரண்ணே?"

"ஒன்னத்தான்லா."

"எனக்கு எழுத்து வேலயெல்லாம் தெரியாதுண்ணே. லோரி ஓட்டத்தான் தெரியும்."

"அதுக்குத்தான் ஒன்னப் போட்டோம். ஈப்போவுக்கு அலைய ஒரு ஆளு வேணும். ஒங்கிட்ட வண்டி இருக்கு."

சீனி வாயில்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது. சடக்கில் எதிரே வரும் பஸ்காரனையும், வழிவிடாத மோட்டார் சைக்கிள்காரனையும் அவன் திட்டும் திட்டில் ரப்பர் மரத்துப் பால்கூட உறைந்துவிடும். ஆனால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எதிரில் நின்றுவிட்டால் போதும், அந்த வாய் வேறு யாருடைய வாயோ ஆகிவிடும். இராமசாமி அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சீனி "சரிண்ணே" என்றான்.

இல்லம் என்று பெயர்தான் பெரிது. வெள்ளைக்காரக் கம்பெனிக்காரர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கப்பலேறியபோது, தொழிலாளர்களின் லயத்து வீடுகளைப் புதிய முதலாளிகள் இடித்தார்கள். பிள்ளைகள் உள்ளவர்கள் பிள்ளைகளோடு ஈப்போவுக்கும் கமுந்திங்குக்கும் போனார்கள். போக இடமில்லாத ஒன்பது பேர் பழைய தோட்டத்து ஆஸ்பத்திரிக்குள் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி இருந்த நிலம் மட்டும் யாருக்கும் விற்கப்படாமல் அரசாங்கத்திடம் திரும்பியிருந்தது. ஊர்க்காரர்கள் சேர்ந்து அரிசி பருப்பு கொடுத்தார்கள், ஒரு பலகையில் 'முதியோர் இல்லம்' என்று எழுதி மாட்டினார்கள், உடனே ஒரு குழு அமைத்தார்கள். அரிசியைவிடக் குழுவுக்குத்தான் ஆள் அதிகம் சேர்ந்தது.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி இருளாயி. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவள். விடியுமுன் பெற்றவர்கள் பாலுக்காக ரப்பர் மரம் சீவப் போகும்போது கைக்குழந்தைகளை அவளிடம்தான் போட்டுவிட்டுப் போவார்கள். பெரிய துரை சுற்றிப் பார்க்க வரும்போது கொட்டகையில் ஒரு குழந்தையின் அழுகுரல்கூடக் கேட்கக் கூடாது என்பது அவள் வேலையின் முதல் சட்டம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று உலகம் சொல்கிறது. பாலத்தடித் தோட்டத்தில் அழாத பிள்ளைக்குத்தான் ஆயாவின் முந்தானையிலிருந்து ஒரு துண்டு ரொட்டி கிடைக்கும். அப்படி வளர்ந்த தலைமுறைதான் இப்போது குழு அமைத்திருந்தது.

சீனியும் அந்த ரொட்டி தின்று வளர்ந்தவன். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். நாற்பதைத் தாண்டிய அவனை "டேய்" என்று கூப்பிட உலகத்தில் இருளாயி ஒருத்திதான் மிச்சம் இருந்தாள்.

இருளாயியின் கட்டிலுக்கு நேர் மேலே கூரைத் தகரம் துருப்பிடித்து, அண்ணாந்து பார்த்தால் மேகம் போவது தெரிந்தது. நனையாத மூலையை நடக்க முடியாத இருவருக்கு அவளே விட்டுக்கொடுத்திருந்தாள். போன மழைக்காலத்தில் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. தோட்டத்தில் மருந்து கொடுத்துவந்த பழைய டிரஸ்ஸர் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, சீனியை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார்:

"சளி நெஞ்சுல கட்டியிருக்கு தம்பி. இன்னொரு மழைக்கு ஈரப் படுக்கையில கெடந்தா தாங்காது. மழைக்கு முந்தி கூரையப் பாருங்க."

சீனி அன்றைக்கே ஏணியை எடுத்தான். இராமசாமி ஓடிவந்து மறித்தார்.

"அரசாங்கக் கட்டடம்லா! நாம கை வச்சா நம்ம பொறுப்புன்னு எழுதிருவான். மொறையா போயி கேக்கணும். அவங்களே வந்து பாத்து, அவங்களே செஞ்சி குடுக்கணும். அதுதான் கௌரவம்."

மறுநாள் சீனி ஈப்போவுக்குப் போனான்.

முதியோர் காரியம் மத்திய அரசுக்கும் உண்டு, மாநில அரசுக்கும் உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு அம்மா இருந்தால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டு முதலில் மத்திய அரசின் முதியோர் நலக் கிளைக்குள் நுழைந்தான். அதிகாரி விஸ்வலிங்கம் நெற்றி நிறையத் திருநீறும் கழுத்தில் டையுமாக உட்கார்ந்திருந்தார். சட்டை வெள்ளை.

"இருங்கோ தம்பி. முதியோர் எண்டால் மத்திய அரசாங்கத்தின்ரை கண்மணிகள். எத்தினை பேர்?"

"ஒம்பது பேரு சார்."

"ஒன்பது கண்மணிகள். நல்லது. என்ன பிரச்சினை?"

"கூரை ஒழுகுது சார்."

விஸ்வலிங்கத்தின் முகம், வேறு யாருக்கோ வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் மாறிற்று.

"கூரை மாநிலம் தம்பி. நிலமும், நிலத்துக்கு மேலை நிக்கிறதும் அவையின்ரை. நாங்கள் ஆக்களை மட்டும்தான் பாக்கிறது."

"ஆளு மேலதான் சார் ஒழுகுது."

"விளங்குது. ஒழுகி முடிஞ்சு, ஆள் நனைஞ்சு, காய்ச்சல் வருத்தம் வந்தாப் பிறகு எங்களிட்டை வாங்கோ, உடனை பாப்பம். ஒழுகிக்கொண்டிருக்கிற நேரம் அது மாநிலம்."

இரண்டு தெரு தள்ளி மாநில அரசின் நிலக் கட்டடப் பராமரிப்புப் பிரிவு. அங்கே பூபாலசிங்கம் இருந்தார். அவர் இன்னும் நல்ல மனிதர். கூரை தங்களுடையதுதான் என்று எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொண்டார்.

"நாங்கள் இல்லையெண்டு சொல்லேல்லை தம்பி. ஆனால் கூரைக்குக் கீழை ஆக்கள் இருக்கினம் பாருங்கோ. அவையள் இருக்கேக்கை நாங்கள் தொட்டால், முதியோர் பராமரிப்பிலை மாநிலம் தலையிட்டதாப் போயிடும். ஆக்களை வெளியிலை எடுங்கோ, அடுத்த நாளே கூரை போட்டுத் தாறம்."

"வெளியில எடுத்து எங்க சார் வைக்கிறது?"

"அது முதியோர் பராமரிப்பு. மத்திய அரசாங்கத்திட்டைக் கேளுங்கோ."

சீனி எழுந்திருக்கும்போது மேசை ஓரத்தில் இருந்த சாப்பாட்டுக் கேரியர் கண்ணில் பட்டது. சிவப்புப் பூப் போட்ட எனாமல் கேரியர். அச்சாக அதே கேரியரை விஸ்வலிங்கத்தின் மேசையிலும் பார்த்திருந்தான். பூபாலசிங்கம் அவன் பார்வையைக் கவனித்துச் சிரித்தார்.

"விஸ்வலிங்கம் என்ரை அத்தான். என்ரை அக்காதான் ரெண்டு பேருக்கும் கட்டித் தாறவ. ஒரே குவாட்டர்ஸிலைதான் எல்லாரும் இருக்கிறம்."

சீனிக்கு உயிர் வந்தது. "அப்ப ராத்திரி சாப்பிடறப்ப அவருகிட்ட ஒரு வார்த்த சொன்னீங்கன்னா முடிஞ்சிரும்லா சார்!"

பூபாலசிங்கம் நாற்காலியில் நிமிர்ந்தார். கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்க்கும் பார்வை அது.

"சாப்பாட்டு மேசையிலை நாங்கள் அரசாங்கம் கதைக்கிறேல்லை தம்பி. முறை எண்டு ஒண்டு இருக்கு. நான் எழுதினால் அது கோலாலம்பூர் போய், அங்கையிருந்துதான் அத்தானிட்டை வரவேணும்."

அது கோலாலம்பூர் போயிற்று. எத்தனை மேசையில் இளைப்பாறியதோ தெரியாது. மழைக்காலம் நெருங்கும் சமயத்தில், மத்திய அரசின் சார்பில் விஸ்வலிங்கம் நேரில் வந்து பார்வையிடுவார் என்று செய்தி வந்தது.

"துரை வாராரு!" என்று இராமசாமி கூவினார். தோட்டத்து ரத்தத்தில் அந்தச் சொல் செய்யும் வேலையை எந்த மருந்தும் செய்யாது. அந்த நிமிடத்திலிருந்து குழுவில் யாருக்கும் கூரை ஞாபகத்தில் இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வீடுகளிலிருந்து நல்ல கட்டில்களையும் பூப்போட்ட மெத்தை விரிப்புகளையும் இரவல் வாங்கி வந்து போட்டார்கள். கிழவர் சன்னாசியைப் பிடித்து உட்காரவைத்துச் சவரம் செய்தார்கள். அவர் தாடியோடு இருந்தால் கவனிப்பார் இல்லை என்று துரை நினைத்துவிடுவாராம். இரண்டு சேவல்கள் குழம்பாயின.

பெரிய மனிதர் உட்காரும் இடத்தில் தலைக்கு மேலே வெள்ளைத் துணி கட்டுவது நம் வழக்கம். கூரையிலிருந்து ஒரு துரும்பு அவர் தலையில் விழுந்தால் ஊருக்கே அவமானம். ஏணியில் ஏறிக் கட்டியவன் சீனிதான். நாலு மூலையையும் இழுத்து, சுருக்கம் இல்லாமல், கல்யாணப் பந்தல் தோற்றுப்போகும்படி கட்டினான். இறங்கி நின்று தன் கைவேலையை ரசித்தபோதுதான் உறைத்தது.

"அண்ணே, ஓட்ட மறைஞ்சி போச்சேண்ணே."

"கேட்டா சொல்லிக்கலாம்லா. மொதல்ல மரியாத."

விஸ்வலிங்கம் வந்தார். மாலை, பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் வரிசையாக நடந்தன. ஒன்பது பேரும் பெரட்டுக்கு நிற்பதுபோல் கைகட்டி வரிசையில் நின்றார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுத்து நின்ற பழக்கம் காலில் இன்னும் இருந்தது.

"எப்பிடி இருக்கிறியள் எல்லாரும்?"

"நல்லா இருக்கோம் தொரை!" ஒன்பது குரலும் ஒரே குரலாக வந்தது. இருளாயிக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் தளும்பத் தளும்ப, சிரித்த முகமாக நின்றாள்.

விஸ்வலிங்கம் அண்ணாந்து பார்த்தார். சீனியும் அண்ணாந்து பார்த்தான்.

"நான் எத்தினையோ இல்லம் பாத்திட்டன். துணியாலை உட்கூரை போட்ட இல்லத்தை இண்டைக்குத்தான் பாக்கிறன். நல்ல குளிர்ச்சி. இதை மற்ற மாநிலங்களுக்கும் சிபாரிசு செய்யலாம்" என்று சொல்லிவிட்டு, சேவல் குழம்பை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்தது மாநிலத்தின் முறை. பூபாலசிங்கம் வருவதாகச் செய்தி வந்ததும் சீனி குழுக் கூட்டத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தான். எதிரில் எல்லாரும் பனியனில் இருந்ததால் அது முடிந்தது.

"இந்தத் தடவ ஒண்ணும் செய்யக் கூடாது. சுண்ணாம்பு இல்ல, சேவல் இல்ல, வெள்ளத் துணி இல்ல. உள்ளத உள்ளபடி பாக்கட்டும்."

இரவல் கட்டில்களைத் திருப்பிக் கொடுத்தான். துணியை அவிழ்த்தான். சாயங்காலம் இருளாயியின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்தினான்.

"ஆயா, அவரு கேட்டா 'ஒழுகுது தொரை'ன்னு சொல்லணும். எங்க சொல்லு."

"ஒழுகுது தொரை. ஆனா பரவால்ல."

"'ஆனா பரவால்ல' வேணாம் ஆயா."

"வந்தவரு மனசு கஷ்டப்படுமேடா."

"கஷ்டப்படட்டும் ஆயா! அதுக்குத்தான கூப்புடுறோம்!"

"பாவம்டா. எம்புட்டுத் தூரத்துல இருந்து வாராரு. சரி, சொல்றேன், போ. ஒழுகுது தொரை."

திருப்தியோடு வீட்டுக்குப் போனான். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் வாசல் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டிருந்தது. உள்ளே, ஓட்டைக்கு நேர் கீழே, புத்தம் புதிய வெள்ளைத் துணி ஒன்று கோணல்மாணலாகக் கட்டியிருந்தது. சன்னாசி பெஞ்சுமேல் ஏறிக் கழியால் மாட்டியிருக்கிறார். சீனிக்கு அந்தத் துணி தெரியும். இருளாயி பெட்டிக்கடியில் பல வருஷமாக மடித்து வைத்திருந்த கோடித் துணி. செத்தால் போர்த்துவதற்கு அவளே வாங்கி வைத்தது.

"என்ன ஆயா இது!"

"சும்மாத்தான பெட்டியில கெடக்கு. நான் போனப்பறம் அது அழுக்கா இருந்தா யாரு பாக்கப்போறா? இன்னைக்குத் தொரை வாராருல்ல."

சீனிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. துணியை அவிழ்க்க அவனுக்குக் கை வரவில்லை. அதற்குள் கார் வந்துவிட்டது.

பூபாலசிங்கம் கேட்டார். ஒன்பது பேரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். இருளாயி சீனியைப் பார்த்துக் குற்றவாளியைப்போல் சிரித்தாள். பூபாலசிங்கம் திரும்பினார்.

"செயலாளர் சொல்லுங்கோ. குறை ஏதும் உண்டோ?"

இதுதான் சமயம். சொல்ல வேண்டியதை லோரி ஓட்டும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தான். வாயைத் திறந்தான்.

"ஒரு கொறையும் இல்ல சார். எல்லாம் ஒங்க தயவுதான்."

யார் சொன்னது என்று சீனியே திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. அன்று சுங்கை சிப்புட் போய்ச் சேரும்வரை, பஸ்காரர்களுக்கென்று சேர்த்துவைத்திருந்த அத்தனை வசவுகளையும் ஒன்று விடாமல் தன்மேலேயே கொட்டித் தீர்த்தான்.

இரண்டு அறிக்கைகளும் கோலாலம்பூரில் சந்தித்துக்கொண்டன. மத்திய அரசும் மாநில அரசும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது அபூர்வம் என்பதால் அங்கே ஒரே குதூகலம். பாலத்தடி இல்லத்தை 'முன்மாதிரி முதியோர் இல்லம்' என்று இரு அரசுகளும் கூட்டாக அறிவிக்கும் விழா நடத்த முடிவாயிற்று. கூரையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

விழா என்றதும் இராமசாமிக்கு இளமை திரும்பிவிட்டது. அவருக்கு ஒரே ஒரு கவலைதான். இரண்டு அதிகாரிகளின் காரும் வெயிலில் நிற்குமே! ஹார்டுவேர் கடைச் சீன முதலாளியான தவுக்கேயிடம் போய், துரைமார் காருக்கு நிழல் வேண்டும் என்றார். தவுக்கே மறுபேச்சில்லாமல் புதுத் தகரமும் கம்பமும் கொடுத்தனுப்பினார். ஒரே நாளில் இல்லத்து வாசலில், வெயில் பட்டால் கண் கூசும்படி, ஒரு கார்க் கொட்டகை எழும்பி நின்றது. சீனியும் கூட நின்று ஆணி அடித்தான். இதே தகரத்தை ஆஸ்பத்திரிக் கூரைக்குக் கேட்டிருக்கலாமே என்று ஒரு ஆளுக்குக்கூடத் தோன்றவில்லை. கூரை அரசாங்கத்து விஷயம். அதில் கை வைப்பது மரியாதை இல்லை.

விழா மேடை பெண்கள் படுக்கும் கூடத்தில், இருளாயியின் கட்டிலை நகர்த்திவிட்டு, அந்த இடத்திலேயே போடப்பட்டது. மேலே பெரிய வெள்ளைத் துணி. இந்த முறையும் கட்டியவன் சீனி. மைத்துனர்கள் இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் "மதிப்புக்குரிய மத்திய அரசின் பிரதிநிதி அவர்களே", "மாண்புமிகு மாநிலத்தின் பிரதிநிதி அவர்களே" என்று அழைத்துக்கொண்டார்கள்.

"கொள்கை வகுக்கிற பொறுப்பை மத்திய அரசாங்கம் முழுசாய் ஏற்றுக்கொள்ளுது" என்று விஸ்வலிங்கம் மைக்கில் முழங்கினார். "அதை நிறைவேற்றுற பொறுப்பு மாநிலத்துக்கு. எங்களுக்கும் அவைக்கும் நடுவிலை கொஞ்சம் இடைவெளி இருக்கு. அதை நாங்கள் மறைக்கேல்லை. அந்த இடைவெளியிலைதான் இந்த ஒன்பது முதியோரும் இவ்வளவு மகிழ்ச்சியாய் வாழுகினம்!"

கைதட்டல் அடங்கவில்லை. இராமசாமி எழுந்து நின்று தட்டினார்.

"பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுறது எண்டால் என்ன?" என்று பூபாலசிங்கம் தொடங்கியபோது தகரத்தில் முதல் துளி விழுந்தது. "ஒருவர் செய்வார் எண்டு மற்றவர் நம்புறது. நம்பிக்கைதான் நல்லாட்சி. நாங்கள் அவையை நம்புறம், அவை எங்களை நம்புகினம். இந்த நம்பிக்கை இண்டைக்கு வரைக்கும் ஒரு நாளும் குலைஞ்சதில்லை. ஏனெண்டால் ஒரு நாளும் ஒருத்தரும் போய்ப் பாத்ததில்லை!"

மழை கொட்டத் தொடங்கிற்று. பேச்சு நிற்கவில்லை. மேடைக்கு மேலே வெள்ளைத் துணி மெல்லத் தொய்ந்தது. பிறகு ஒரு குடம்போல் உப்பியது. பிறகு பானையாயிற்று. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. பேசிக்கொண்டிருக்கும் பெரிய மனிதரை நடுவில் நிறுத்துவது எப்படி? சீனி வாயைத் திறந்தான், மூடினான். இராமசாமி கையெடுத்துக் கும்பிட்டபடி, துணியைப் பார்த்தும் பார்க்காதவர்போல் உட்கார்ந்திருந்தார். சீனி கட்டிய முடிச்சு நல்ல முடிச்சு. கொஞ்ச நேரம் தாங்கும். இன்னும் கொஞ்சம் தாங்கட்டும் என்று அவன் முருகனை வேண்டிக்கொண்டான். முடிச்சுக்காக வேண்டினானே தவிர, எழுந்து ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை.

அப்போது பின்வரிசையில் இருளாயி எழுந்தாள்.

"டேய்!"

மைக்கை மீறிக் கேட்ட குரல் அது. கிணற்றோரம் தவழ்ந்து போகும் பிள்ளைகளை நூறு கெஜத்துக்கு அப்பாலிருந்து நிறுத்திய குரல். "எந்திரிங்கடா ரெண்டு பேரும்! தலைமேல தண்ணி நிக்கிது தெரியல? நனைஞ்சா காய்ச்ச வருமேடா!"

அத்தோடு நிற்கவில்லை. விறுவிறுவென்று மேடை ஏறி, மத்திய அரசை ஒரு கையிலும் மாநில அரசை ஒரு கையிலும் பிடித்துத் தரதரவென்று இழுத்துச் சுவரோரம் நிறுத்தினாள். அவர்கள் மேடையை விட்டு இறங்கியதும் துணி கிழிந்தது. அத்தனை தண்ணீரும் சோபாவில் இறங்கிற்று. சாரல் முழுக்க இருளாயியின் முதுகில்.

தனக்காக ஒரு நாளும் வாய் திறக்காதவள். அவர்கள் தலை நனையுமே என்று கத்தியிருக்கிறாள். ஈரச் சேலையோடு குனிந்து குனிந்து இருமிக்கொண்டிருந்த அவளைப் பார்த்தபோது சீனிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளுக்குத் துண்டு கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சுவரோரத்தில் விவாதம் தொடங்கியிருந்தது.

"அத்தான், இது உங்கட நிகழ்ச்சி."

"கூரை உங்கட கூரை."

"நனைஞ்ச ஆள் உங்கட ஆள்."

"சோபா?"

"சோபா குழுவின்ரை."

"அப்ப ஒரு கூட்டுக் குழு போடுவம்."

சீனி தன் தோள்துண்டை இருளாயிமேல் போர்த்திவிட்டு, கொட்டும் மழையில் வெளியே நடந்தான். லோரியிலிருந்து டயர் கழற்றும் இரும்பை எடுத்தான். கார்க் கொட்டகையில் ஏறினான். முதல் தகரம் கிரீச்சென்று பெயர்ந்து வந்தது.

இராமசாமி வாசலுக்கு ஓடிவந்தார். "டேய் சீனி! கீழ காரு நிக்கிதுடா! கண்ணாடி எறக்கி வச்சிருக்குடா!"

இரண்டாவது தகரம் வந்தது. இராமசாமி காரைப் பார்த்தார், உள்ளே கேட்ட இருமலைக் கேட்டார். அவரும் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர்தான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து ஒருவரிடம் கொடுத்துவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிச் சுவரில் சாத்தினார். அப்புறம் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விளக்கேற்றும் நேரத்துக்குள் தகரம் ஆஸ்பத்திரிக் கூரைக்கு இடம் மாறிவிட்டது; மிஞ்சியது லோரியில் ஏறியது. இரண்டு அரசுகளின் கார்களும் உள்ளும் புறமும் குளித்துக்கொண்டிருந்தன.

அந்த வருஷ மழை முழுவதும் இருளாயி காய்ந்த படுக்கையில் படுத்தாள். இருமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. டிரஸ்ஸர் முதுகில் காது வைத்துவிட்டுத் தலையாட்டினார். ஆனால் தெம்பு வந்ததும் அவள் செய்த முதல் காரியம் சீனியைப் பிடித்துத் திட்டியதுதான்.

"தொரைங்க காரெல்லாம் நனைஞ்சி போச்சாமே? வீட்டுக்கு வந்தவங்கள இப்பிடியாடா அனுப்புவாங்க? நாலு பேரு என்ன சொல்லுவாங்க? கோழிக் கறி வச்சித் தாரேன், கொண்டுபோயி குடுத்து மன்னிப்புக் கேட்டுட்டு வா."

சீனி போனான். போகாமல் இருக்க அவனால் முடியுமா?

ஈப்போவில் அந்த அரசாங்கக் குவாட்டர்ஸ் கதவைத் திறந்தவர் விஸ்வலிங்கத்தின் மனைவி சாரதாதேவி. கையில் ஒரு பேசின். அவருக்குப் பின்னால் கூடத்தைப் பார்த்த சீனி அப்படியே நின்றான். நாற்காலிகளுக்கு நடுவே மூன்று பாத்திரங்கள் வைத்திருந்தன. உத்தரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பக்கத்தில் மத்திய அரசும் மறுபக்கத்தில் மாநில அரசும், கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தன.

"என்னக்கா இது?"

"ரெண்டு வருசமாய் ஒழுகுது தம்பி" என்றார் சாரதாதேவி, குரலைத் தாழ்த்தி. "குவாட்டர்ஸ் மாநிலத்தின்ரை எண்டு இவர் சொல்லுறார். இருக்கிற உத்தியோகத்தர் மத்திய அரசாங்கம் எண்டு என்ரை தம்பி சொல்லுறான். ரெண்டு பேரும் கடிதம் போட்டிருக்கினம். நீங்கள் ஒரு பின்னேரத்திலை கூரை போட்டனீங்களாமே? தம்பி, எங்களுக்கும் ஒருக்கால்..."

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தான். இரண்டு வெள்ளைச் சட்டைகளும் பேப்பரை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தன.

"அதுக்கென்னக்கா, இப்பவே பாத்துருவோம்லா. வண்டியில மிச்சத் தகரம் கெடக்கு" என்றது வாய்.

ஏணியைச் சுவரில் சாத்தி, "கொஞ்சம் பிடிச்சிக்குங்க சார்" என்றான். தரை ஈரமாக இருந்தது. விஸ்வலிங்கம் ஏணியின் ஒரு காலையும் பூபாலசிங்கம் மறுகாலையும் பிடித்துக்கொண்டார்கள். சீனி தகரத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறினான். கூரை விளிம்பை எட்டியபோது கீழே பேச்சுக் கேட்டது.

"அத்தான், ஆள் விழுந்தால் ஆரின்ரை பொறுப்பு?"

"நல்ல கேள்வி. ஏணியிலை இருக்கேக்கை எண்டால் ஒரு மாதிரி. நிலத்திலை விழுந்தாப் பிறகு எண்டால்..."

"வாங்கோ, உள்ளை போய் இருந்து கதைப்பம்."

ஏணி ஒரு பக்கமாக வழுக்கியது. சீனி குனிந்து பார்த்தான். ஏணிக்கடியில் யாரும் இல்லை. இரண்டு வெள்ளை முதுகுகள் வாசற்படி ஏறிக்கொண்டிருந்தன.

"டேய்!" என்று கத்தினான் சீனி. தெருவில் போன சைக்கிள்காரர்கூட இறங்கி நின்றுவிட்டார். "ஏணியப் பிடிங்கடா ரெண்டு பேரும்! பேச்சு என்னடா பேச்சு, மேல ஆளு நிக்கிறது கண்ணு தெரியல?"

அரசாங்கத்திடம் அவன் சத்தம் போட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள்.